சீட்டில் ஏறிய ஜீன்ஸ் சாயம்: தேய்ப்பதற்கு முன்னால்

வெளிர்நிற லெதர் சீட் உள்ள கார் வேலைக்கு வந்தால், கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பைத்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற இடம் அது. பெரும்பாலும் அங்கே ஒரு நீல நிழல் படிந்திருக்கும். அதைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை. நீலம் போய், அந்த இடம் மட்டும் மங்கி, தொட்டால் சொரசொரவென்று இருந்தால்தான் எனக்குத் திக்கென்று இருக்கும். வீட்டிலேயே யாரோ 'சுத்தம்' செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒருவர் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துவிட்டு வந்தார். முதலில் பஞ்சு நீலமானதாம். அப்புறம் க்ரீம் நிறத்தில் ஏதோ வந்திருக்கிறது. "உள்ளே இருந்த அழுக்கும் சேர்ந்து வருதுன்னு நினைச்சு இன்னும் நல்லா தேய்ச்சேன்" என்றார். சீட்டின் நிறமே க்ரீம். வந்தது அழுக்கு இல்லை, சீட்டின் பெயின்ட்.

ஆம், பெயின்ட்தான். இன்றைய கார்களில் வரும் லெதர் பெரும்பாலும் வெறும் தோல் அல்ல. தோலின் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமில்லாத ஒரு பாதுகாப்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நாம் உட்காருவது அந்த மெல்லிய படலத்தின் மேல். நாம் தேய்ப்பதும் அதைத்தான்.

சாயத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸின் நீலம் இண்டிகோ. ஒரு காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே நீலம், இப்போது ஆலையில் செய்யப்படுகிறது. அது தண்ணீரில் கரையாது. நூலின் உட்புறம் வரை போகாமல் வெளிப்பக்கத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் ஜீன்ஸ் உரச உரச வெளுக்கிறது. உரசலில் உதிர்ந்தது எங்கேயாவது போக வேண்டுமே, சீட்டுக்குப் போகிறது. வெயிலில் நின்ற காரில் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்தால் இன்னும் சுலபமாக ஏறும். ஜீன்ஸ் மட்டும் இல்லை: புது பெல்ட், கைப்பை, சாயம் போகிற துண்டு, சீட்டைக் காப்பாற்றவே வாங்கிப் போட்ட கருநிற குஷன்கூட இதைச் செய்யும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சி அந்த இடம் கருத்தால், அது பூச்சில்லாத அனிலைன் லெதராகவோ பூச்சு தேய்ந்துபோன லெதராகவோ இருக்கலாம். நீங்கள் கை வைக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று, 'லெதர் சீட்' என்று விற்கும் பல கார்களில் உட்காரும் பகுதி மட்டும்தான் தோல், பக்கவாட்டும் பின்புறமும் தோல் மாதிரியே தெரியும் பிளாஸ்டிக்கான வினைல். வினைலை மென்மையாக வைத்திருக்க அதில் சேர்க்கும் பொருள் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே நாள்பட்ட கறை முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

சரி, பூச்சுள்ள லெதர் என்றால் இப்படிச் செய்யலாம். முதலில் தூசியை வேக்யூம் செய்யுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். லெதருக்கென்றே வரும் மென்மையான க்ளீனரை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து நுரையாக்கி, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் லேசாகச் சுற்றித் தேயுங்கள். ஒரு நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகலாம். அழுத்தம் கூட்டுவதைவிடச் சுற்றைக் கூட்டுவது நல்லது.

துணி கட்டாயம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பாருங்கள். நீலமாக வந்தால் தொடரலாம். ஒன்றுமே வராமல் சீட்டில் மட்டும் நிழல் நின்றால், சாயம் பூச்சுக்குள்ளேயே போய்விட்டது. இனி தேய்த்துப் பயனில்லை. சீட்டின் நிறமே துணியில் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

துளை போட்ட சீட்டில் எதையும் நேராக ஸ்ப்ரே செய்யாதீர்கள். துளை வழியாக ஈரம் உள்ளே இருக்கும் பஞ்சுக்கும், சில கார்களில் விசிறிக்கும் சூடாக்கும் கம்பிக்கும் போகும். துணியில் ஸ்ப்ரே செய்து துடைத்தால் போதும்.

அசிட்டோன் (பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் இருப்பது அதுதான்), தின்னர், பெட்ரோல், ப்ளீச் எல்லாம் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'மேஜிக்' என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சையும் டூத்பேஸ்ட்டையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் மிக நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்பவை. கறை போவது நிஜம், கூடவே மேல்பூச்சும் போகிறது. அடுத்த முறை சாயம் இன்னும் சுலபமாக ஏறும், நீங்களும் இன்னும் பலமாகத் தேய்ப்பீர்கள்.

கறை இருக்கும்போதே எண்ணெய்ப் பசையுள்ள கண்டிஷனர் தடவுவதும் தப்பு. பூச்சுள்ள லெதருக்குள் அந்த எண்ணெய் அவ்வளவாக இறங்காது. மேலேயே பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். சீட் சுத்தமாகி நன்றாகக் காய்ந்த பிறகு லெதருக்கான பாதுகாப்புப் பூச்சு போடலாம். அடுத்து வரும் சாயம் அதன் மேல் உட்காரும், துடைத்தால் போய்விடும். அது தேய்ந்து போகும் என்பதால் அவ்வப்போது மறுபடி போட வேண்டும். புது ஜீன்ஸை நான்கைந்து முறை தனியாகத் துவைத்த பிறகு போட்டுக்கொண்டு காரில் ஏறினால் பாதி வேலை மிச்சம்.

நிழல் போகவே இல்லையென்றால், பூச்சை லேசாக உரசித் தயார் செய்து, அதே நிறத்தைக் கலந்து அடித்து, மேல்பூச்சு கொடுப்பதுதான் வழி. அதற்குக் காரைக் கொண்டுபோகும்போது இதுவரை என்னென்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முக்கியமாக சிலிக்கோன் கலந்த பாலிஷ் தடவியிருந்தால். அது இருக்கும் இடத்தில் புது வண்ணம் ஒட்டாது, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.