தொஹூ என்று ஒரு களி

ரங்கூனில் பழைய மாடி வீடுகளின் முன்பக்கம் கயிறு தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேல்நுனியில் ஒரு மணி. பேப்பர்காரர் தெருவில் நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், காசு இறங்கும், பேப்பர் ஏறும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிற எனக்கு, காலைச் சாப்பாடும் ரொம்ப நாள் அந்தக் கயிற்றில்தான் ஏறி வந்தது. ஒரு பொட்டலம் தொஹூ தோ. விரல் கனத்துக்கு நறுக்கிய மஞ்சள் தொஹூ (தோஃபுவுக்கு இங்கே அதுதான் பெயர்), வறுத்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கொத்தமல்லி. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் விற்கிறார்களே அத்தோ, அதில் இருக்கிற அதே 'தோ'தான் இது. பிசைந்து கலந்தது என்று அர்த்தம்.

விற்கிற அக்கா ஊருக்குப் போய் ஒரு மாதம் வராமல் இருந்தபோது நானே செய்யலாம் என்று இறங்கினேன். தோஃபு என்றால் சோயா, சோயாவை அரைத்துப் பாலெடுத்து, அதைத் திரிக்க வேறு ஏதோ வேண்டும் என்று மலைப்பாக இருந்தது. பக்கத்து அறையில், பர்மாவின் கிழக்கு மலைப்பக்கமான ஷான் மாநிலத்துக்காரர் ஒருவர். அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "கடலை மாவு இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? அவ்வளவுதான்" என்றார்.

தேஞ்ஜி சந்தையில் அரை வீசை கடலை மாவு வாங்கி வந்தேன். (பர்மாவில் இன்றும் எடை வீசைக் கணக்கில்தான். 1 வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. சொல்லே நம்முடையது; நாம் அதை மறந்து கிலோவுக்குப் போய்விட்டோம், அவர்கள் விடவில்லை.) பஜ்ஜிக்குக் கரைக்கிற அதே மாவு. அது எப்படிக் கத்தியால் வெட்டுகிற கட்டியாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சோயா தோஃபுவில் வேலை செய்வது புரதம். சோயாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். முற்றிய விதையில் மாவுச்சத்து இல்லாத மாதிரிதான். சோயாப் பாலைக் காய்ச்சும்போது புரத இழைகளின் மடிப்புகள் அவிழ்கின்றன. ஜிப்சத்தைப் போட்டதும் அதிலுள்ள கால்சியம் அந்த இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. பால் திரிந்து பன்னீர் ஆவதற்கு இது நெருங்கிய உறவு. கடலை மாவிலும் புரதம் உண்டு, நூறு கிராமுக்கு 20 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் பாதிக்குச் சற்றுக் குறைய மாவுச்சத்து இருக்கிறது. தொஹூவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது முக்கியமாக அந்த மாவுச்சத்துதான். அதனால் திரிக்க எதுவும் வேண்டாம், பிழிய வேண்டாம், அழுத்த வேண்டாம். பெயர்தான் சீனத்துப் பெயர். குணத்தில் இது நம் களியின் ஜாதி. கேழ்வரகுக் களி ஆறினால் இறுகுவது போலத்தான் இதுவும்.

முதல் தடவை நான் செய்தது முழுக்கத் தப்பு. தண்ணீர் கொதிக்கிறதே என்று மாவை அப்படியே அதில் கொட்டினேன். நொடியில் கோலிக்குண்டுகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மாவு பொடியாக, உலர்ந்தபடி. நடந்தது இதுதான்: உருண்டையின் வெளிப்பக்கம் சூட்டில் உடனே வெந்து பசையாகிவிட்டது. அந்தப் பசையே ஒரு தோலாகி, உள்ளே தண்ணீர் நுழைய விடாமல் அடைத்துவிட்டது. எத்தனை நேரம் கொதித்தாலும் உள்ளே போகாது. பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது. ஆறின தண்ணீரில் மாவுச்சத்து மணிகள் வீங்குவதில்லை, ஒட்டுவதில்லை, தனித்தனியாக மிதக்கும். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கூழுக்கு மாவைக் கொதிக்கிற தண்ணியிலயா கொட்டுவாங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

இப்போது என் கணக்கு: ஒரு டம்ளர் மாவு, மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். பாதித் தண்ணீரில் மாவைக் கரைத்து வடிகட்டி வைத்துவிட்டு, மீதியைக் கொதிக்க வைத்து, கரைசலைக் கிளறிக்கொண்டே ஊற்றுவேன். ஷான் வீடுகளில் மாவை இரவே கரைத்து ஊறப்போட்டு, துணியில் வடிகட்டுவார்கள். காலையில் மேலே மெல்லிய நீரும் அடியில் வண்டலும் பிரிந்திருக்கும். மெல்லியதை முதலில் அடுப்பேற்றி, அது வெந்து வரும்போது அடி வண்டலைச் சேர்ப்பார்கள். பெருமளவு மாவுச்சத்து அந்த வண்டலில்தான். முதலிலேயே அதைப் போட்டால் சட்டியின் அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். கடைசியில் சேர்த்தால் ஏற்கெனவே கெட்டியான கரைசல் அதை ஏந்திக்கொள்ளும். யாரும் இதற்குக் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. கை பழகிய அறிவு.

அடுப்பில் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. கை ஓய்ந்து, செல்போனை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. 70 டிகிரியை ஒட்டி நிலைமை சட்டென்று மாறும். மாவுச்சத்து மணி என்பது நெருக்கமாகச் சுற்றி அடுக்கிய சர்க்கரைச் சங்கிலிகளின் கட்டு. பச்சையாக இருக்கிற வரை தண்ணீரை உள்ளே அண்டவிடாது. அந்தச் சூட்டில் அடுக்கு குலைந்து, தண்ணீர் புகுந்து, மணி பல மடங்கு வீங்குகிறது. வீங்கிய மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதால் துடுப்பு கனக்கிறது. இந்தக் கட்டத்தில் கரைசலுக்குள் தண்ணீர் சுழன்று சூட்டைச் சுமந்து போக முடியாது. அடியில் நீராவி சேர்ந்து, பாதை தேடி, ஒரே குமிழாக வெடித்துக் கையில் தெறிக்கும். சுட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளமான காம்புக் கரண்டி, சிறு தீ, விடாத கை. பத்துப் பதினைந்து நிமிடம். பச்சை வாசனை போய், பளபளப்பு வரும்போது எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிவிடலாம்.

இனி நம் வேலை எதுவும் இல்லை. ஆனால் தட்டுக்குள் வேலை இப்போதுதான் தொடங்குகிறது.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள். அமைலோஸ் நீளமானது, பெரும்பாலும் கிளையில்லாதது. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்த முள்மரம். வேகும்போது அமைலோஸ் மணிகளுக்குள்ளிருந்து கசிந்து வெளியே வந்துவிடுகிறது. ஆற ஆற, அந்த நேர்ச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கைகோத்துக்கொள்கின்றன. ஓரிரண்டு மணி நேரத்தில் தட்டு முழுக்க ஒரு வலை. வீங்கிய மணிகளும் புரதமும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் எங்கும் ஓட முடியாது. கடலை போன்ற பருப்பு வகைகளின் மாவுச்சத்தில் அமைலோஸ் அதிகம், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். அதனால்தான் இவ்வளவு உறுதியான கட்டி. இதற்கு நேர் எதிர் கௌன்னின், இங்கே காலையில் அவித்த பட்டாணியோடு விற்கிற ஒட்டரிசி. அதில் அமைலோஸ் அநேகமாகக் கிடையாது. ஆறினாலும் பிசுபிசுவென்று ஒட்டுமே தவிர, கத்திக்கு நிற்கிற கட்டியாகாது. இரண்டையும் ஒரே தெருமுனையில் வாங்கி ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரே பொருளின் இரண்டு குணம் என்று அப்போது தெரியாது.

தண்ணீர் கூடிப்போனால் வலையின் கண்கள் விரிந்து, கட்டியாகாமல் கெட்டிக் குழம்பாக நிற்கும். கவலைப்பட வேண்டாம். சூடாக இருக்கும்போதே நூடுல்ஸ் மேல் ஊற்றி, எள்ளும் மிளகாய் எண்ணெயும் விட்டால் அதற்குத் தொஹூ நுவே என்று பெயர். வேண்டுமென்றே அப்படிச் செய்து விற்கிறார்கள். தோற்றுப்போனால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிற பலகாரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எனக்குப் பிடித்தது பொரித்ததுதான். தொஹூ ஜோ. எண்ணெயில் போட்டதும் மேற்பரப்பின் தண்ணீர் கொதித்து ஆவியாக ஓடும், அங்கே முறுகலான தோல் பிடிக்கும். உள்ளே ஈரம் இருக்கிறவரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அப்படியானால் உள்ளே இருப்பது திரும்ப உருகிக் கூழாகி எண்ணெயில் கலந்துவிட வேண்டாமா? கலப்பதில்லை. அமைலோஸ் ஒருமுறை கோத்த கையை விடுவிக்க நூறு டிகிரி போதாது. அதனால் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். அமைலோபெக்டின் அப்படியல்ல, 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெளியே மொறுமொறு, வடிவம் கலையாது, உள்ளே மட்டும் வெண்ணெய் மாதிரி. நேற்றைய இட்லி ஆவி காட்டினதும் மெத்தென்று ஆவதற்கும் இந்த அமைலோபெக்டின் இளகுவதுதான் காரணம். முக்கோணமாக நறுக்கி இரண்டு தடவை பொரிப்பதும் உண்டு, ஹ்னப்யான் ஜோ. ஆறும் இடைவெளியில் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு வந்துவிடும், இரண்டாவது பொரிப்பு அதையும் விரட்டும். தென் பிரான்சிலும் சிசிலியிலும் இதே கடலை மாவைக் காய்ச்சி, ஆறவைத்து, நறுக்கிப் பொரித்துத் தின்கிறார்கள். ஷான் மலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் யார் தூது போனார்களோ, அல்லது யாரும் போகவில்லையோ.

ஒற்றை ஆளுக்கு ஒரு டம்ளர் மாவே அதிகம், மிச்சம் விழும். ரங்கூன் வெயிலில் வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும்; ஈரமும் புளிப்பின்மையும் கிருமிகளுக்குத் தோது. ஃப்ரிட்ஜில் வைத்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் இறுகும். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கிற குளிரில்தான் சங்கிலிகள் வேகமாகச் சேர்கின்றன. இரண்டாம் நாளுக்குப் பிறகு அமைலோபெக்டினும் மெல்ல வரிசைக்கு வர, வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே விடும். டப்பாவின் அடியில் நிற்பது அதுதான். அதைத் துடைக்காமல் எண்ணெயில் போட்டால் முகத்துக்கே தெறிக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். பனிக்கட்டி ஊசிகள் வலையைக் கிழித்து, எடுத்து வைத்தால் ஸ்பாஞ்சும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும்.

கரண்ட் போய், ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாக நிற்கிற நாட்களில் வேறு வழி பார்க்கிறேன். அன்று செய்த தொஹூவை அன்றே மெல்லிசாக அரிந்து தட்டில் பரப்பி, சன்னல் வெயிலில் காயவைக்கிறேன். ஷான் மாநிலத்து இன்லே ஏரிப் பக்கம் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். காய்ந்து கண்ணாடி போல விறைத்ததைச் சூடான எண்ணெயில் போட்டால், உள்ளே சிக்கியிருக்கும் கொஞ்ச ஈரம் ஒரே அடியாக ஆவியாகி, இளகிய மாவுச்சத்தை ஊதிப் பெருக்கும். அது இறுகும்போது குமிழ்கள் அப்படியே நின்றுவிடும். பர்மாவின் தெற்கே மோல்மேன் ஊரில் மொட்டை மாடியில் அம்மா பிழிகிற கூழ் வடாமுக்கும் இதுதான் விதி. வேக வை, காய வை, பொரி. ரொம்பக் காய்ந்துவிட்டால் ஊத ஈரம் இருக்காது, கல்லாகவே கிடக்கும். அரைகுறையாகக் காய்ந்தால் சவசவவென்று எண்ணெய் குடிக்கும். ஒடித்தால் 'டக்' என்று ஒடிகிற பக்குவம்.

போன வாரம் காய்ந்துகொண்டிருந்ததில் பாதியைக் காக்கை கொண்டுபோயிற்று. மீதியைப் பொரித்து, பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் இறக்கினேன். திரும்பி வந்துவிட்ட அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, உப்பு போதாது என்று கீழேயிருந்து கத்தினார்.