லேப்டாப் திரையில் சிப்பிப் பொத்தானைச் சோதிக்கிறீர்களா?

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருவர் ஒரு பொட்டலம் பொத்தான்களோடு வந்தார். "சார், போலராய்டு கண்ணாடி போட்டுக்கிட்டு லேப்டாப் திரைக்கு முன்னால பிடிச்சேன். வானவில் மாதிரி கலர் வருது. அசல் முத்துச்சிப்பிதானே?" பாவம், அந்தக் கலரே பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

எல்.சி.டி. திரையிலிருந்து வருவது தளவிளைவு ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி. போலராய்டும் ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே விடும். போலராய்டைக் குறுக்காகத் திருப்பினால் திரை இருண்டுவிடும். நடுவே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கை வைத்தால், வார்க்கும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் வண்ணப் பட்டைகளாகத் தெரியும். சிப்பிப் பொத்தானோ அந்தத் தடிமனில் ஒளியைச் சிதறடிக்கும். மங்கிய வெளிச்சம்தான் மிஞ்சும்.

வெறும் கண்ணுக்குத் தெரிகிற மினுமினுப்பு வேறு சங்கதி. சுமார் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருப்பதால் வருவது அது. மேற்பரப்பின் நுண்வரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. சிப்பியை மெழுகில் அழுத்தினால் மெழுகிலும் நிறம் தெரிவதை 1814-ல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் எழுதினார். 1935-ல் நம் சி. வி. ராமனும் சிப்பி நிறங்களை விடாமல் ஆராய்ந்தார்.

சரி, தளவிளைவு ஒளி எதற்கு? படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிய. அதற்குச் சிப்பியை 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். அடுக்குகளுக்குக் குறுக்காக வெட்டிய துண்டை, குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகள் உள்ள நுண்ணோக்கியில் வைத்து மேடையை ஒரு முழுச்சுற்று திருப்பினால், முத்துப்பகுதி (உள்ளே மினுங்கும் அரகோனைட் அடுக்கு) முழுவதும் நான்கு முறை, கொஞ்சம் அலையடித்தபடி, ஒன்றாக இருளும். அத்தனை தகடுகளும் ஒரே திசையில் நிற்கின்றன என்று அர்த்தம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. வெளிப்புறக் கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம்) அடுக்கைப் படுக்கைவாட்டில் வெட்டிப் பார்த்தால் தேன்கூடுதான். ஒரு தூண் இருளும்போது பக்கத்துத் தூண் பளிச்சென்றிருக்கும்.

முத்துப்பகுதியையே அடுக்குகளுக்கு இணையாக வெட்டினால் வெறும் சாம்பல் நிறம். அரகோனைட்டின் இரட்டை ஒளிவிலகல் (படிகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் அளவு) அந்தத் திசையில் 0.004 அளவுதான், குறுக்காகப் பார்த்தால் 0.15-ஐத் தொடும். இது தெரிந்தும் ஒருமுறை, சாய்வாக வெட்டிய துண்டைப் பார்த்து வேறு இனச் சிப்பி என்று குறித்துவைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். அப்புறம் எந்தத் திசையில் வெட்டினேன் என்று கண்ணாடிச் சில்லிலேயே எழுதாமல் நுண்ணோக்கியைத் தொடுவதில்லை. வெட்டும்போது தண்ணீரும் முகக்கவசமும் கட்டாயம். சிப்பித்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வந்தவரிடம் பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சிப்பி சில்லென்றிருக்கும், கையில் கனமும் தெரியும். அவருடையதில் இரண்டும் இல்லை.