"ஃபுல்லா புரியல சார்" என்று வருவதற்கு முந்தைய இரவு

மதியம் மூன்றே கால் மணி. ஸ்டாஃப் ரூம் வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்ன பிறகும் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?"

"சார், ரெண்டாவது யூனிட் ஃபுல்லா புரியல."

சிவில் இன்ஜினியரிங் பிரிவில் பதினாறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பொய் சொல்ல வரும் பிள்ளைகள் அல்ல இவர்கள். உண்மையாகவே புரியவில்லை, அதனால்தான் தயக்கத்தை மீறி வந்து நிற்கிறார்கள். ஆனால் யூனிட் முழுவதும் புரியவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? மூன்று வாரம் நடத்தியதைப் பத்து நிமிடத்தில் மறுபடி சொல்ல வேண்டும். அல்லது "கிளாஸ்ல என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டு அனுப்ப வேண்டும். இரண்டாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

"நோட்டைக் கொடும்மா, நீ போட்ட கணக்கைப் பார்ப்போம்" என்றேன். தயங்கினாள். தப்பாகப் போட்ட கணக்கு, அதன்மேல் பென்சிலால் குறுக்குக் கோடு வேறு போட்டிருந்தாள். அதைப் போய் சாரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம். நான் வேண்டும் என்று கேட்டதே அந்தப் பக்கத்தைத்தான்.

எளிய கணக்கு. ஆறு மீட்டர் நீளமுள்ள பீம், அதாவது உத்திரம், இரு முனைகளிலும் தாங்கி. பீம் முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் சமமாகப் பரவிய சுமை, நாங்கள் யூடிஎல் என்போம். நடுவில் பெண்டிங் மொமென்ட், அதாவது சுமை பீமை வளைக்கப் பார்க்கும் அளவு, எவ்வளவு? புத்தகத்தின் கடைசியில் விடை 45. அவளுக்கு வந்தது 90. நான்கு தடவை போட்டிருக்கிறாள், நான்கு தடவையும் 90.

மேலிருந்து வரி வரியாகப் பார்த்தேன். மொத்தச் சுமை 60, சரி. அதை நடுவில் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, தாங்கிகள் மேல்நோக்கித் தரும் எதிர்விசையான இரு முனை ரியாக்‌ஷனும் 30, 30 என்று கண்டுபிடித்திருந்தாள், அதுவும் சரி. அடுத்த வரியில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, பீமை நடுவில் வெட்டியதாக வைத்துக்கொள்கிறாள். அங்கேயும் அதே 60ஐ அதே நடுப்புள்ளியில் விட்டுவிட்டாள். வெட்டிய இடத்திலேயே சுமை நிற்பதால் அதற்குத் தூரமே இல்லை, சுமையின் பங்கு பூஜ்யம் ஆகிவிடுகிறது. மிஞ்சுவது 30ஐ 3ஆல் பெருக்கிய 90. உண்மையில், வெட்டியதும் இடது துண்டின் மேல் இருக்கும் சுமை 30 மட்டும்தான். அது அந்தத் துண்டின் நடுவில், வெட்டிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்கிறது. 30ஐ ஒன்றரையால் பெருக்கினால் 45. 90இலிருந்து அந்த 45 போக 45.

ஆக அவளுக்கு யூனிட் முழுவதும் புரியாமல் இல்லை, ஒரு வரிதான் பிடிபடவில்லை. அந்த வரிக்குள் இருக்கும் கேள்வியைப் பாருங்கள்: "ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கும்போது பரவிய சுமையை ஒரே புள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், பெண்டிங் மொமென்டுக்கு மட்டும் ஏன் கூடாது?" முழு பீமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கும்போது சுமையைச் சேர்த்து வைத்தாலும் பரப்பி வைத்தாலும் ஒன்றுதான். பீமுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும்போது ஒன்றல்ல. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தின் அஸ்திவாரமே அதில் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வியோடு யாராவது வந்தால், குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லித்தருவேன். அவ்வளவு நல்ல கேள்வி அவள் நோட்டிலேயே இருந்தது, அவளுக்குத்தான் அது தெரியவில்லை.

கேள்வியைத் தயார் செய்து வா என்று நான் சொல்வது இதைத்தான். புத்திசாலியாகத் தெரிவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வருவதல்ல. எந்த வரி வரைக்கும் உன்னால் நடக்க முடிந்தது, எந்த வரியில் கால் இடறியது என்று பார்த்துவிட்டு வருவது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒருவர் பாடம் பயிலும் முறை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். பாடத்தைப் போற்றிவைப்பது, கேட்டவற்றை நினைத்துப் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் ஆசானை அடைந்து மனத்தில் பதியும்படி மறுபடி கேட்பது. கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து பயில்வதும், கேள்வி கேட்பதும், கேட்டவர்க்குப் பதில் சொல்வதும் அடுத்து வருகின்றன. இவற்றைக் கடமையாகக் கொண்டால் அறியாமை பெரிதும் நீங்கும் என்று சூத்திரம் முடிகிறது. ஆசிரியரைத் தேடிப் போவதற்கு முன்னால் "கேட்டவை நினைத்தல்" என்று ஒரு படி இருக்கிறதே, அதைத்தான் நம் பிள்ளைகள் தாண்டிக் குதித்து வருகிறார்கள். அந்தப் படி ஒன்று உண்டு என்று நாமும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

முந்தைய இரவு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத கணக்கை, புத்தகத்தைப் பார்க்காமல், தெரிந்த வரைக்கும் போடுங்கள். தப்பு என்று தெரிந்தாலும் அடிக்காதீர்கள், அழிக்காதீர்கள். எங்கே நின்றதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு வாக்கியம்: இதுவரை சரி என்று நினைக்கிறேன், இந்த இடத்தில் இதனால்தான் தடுக்கிறதோ என்று தோன்றுகிறது. இரண்டாவது வாக்கியத்தை எழுதத்தான் கை வராது. தப்பாகவே எழுதுங்கள், பரவாயில்லை. "இதனால்தானோ" என்று ஒரு மாணவர் சொல்லும் தப்பான காரணம் எனக்கு வைத்தியர் பிடித்துப் பார்க்கும் நாடி மாதிரி. எந்த இடத்தில் பிசகியிருக்கிறது என்று உடனே பிடிபட்டுவிடும்.

கணக்கை ஆரம்பிக்கவே முடியவில்லையா? சரி, அப்படியானால் கேள்வித்தாளின் எந்த வார்த்தையில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த ஒரு பையன் 'ஓவர்ஹேங்கிங் பீம்' என்ற சொல்லில் ஒரு வாரம் நின்றிருக்கிறான். தாங்கியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பீம், உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடை நினைத்துக்கொள் என்றதும் முகம் தெளிந்தது. சன்ஷேடு ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள கான்டிலீவர்தான், ஆனாலும் நீட்டிக்கொண்டிருப்பது என்றால் என்ன என்று பிடிபட அது போதும். அப்புறம் அவனே கணக்கைப் போட்டுவிட்டான். தடுத்தது பாடமே அல்ல, ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் இன்ஜினியரிங் படிப்புக்கும் வந்தது. எங்கள் வகுப்புகளில் இப்போது வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் பலர். அவர்களுக்கு டவுட் வரும்போது கூடவே இன்னொரு பயமும் வருகிறது, இதை எப்படி இங்கிலீஷில் கேட்பது என்று. தமிழிலேயே கேளுங்கள். பெண்டிங் மொமென்ட், ஷியர் ஃபோர்ஸ் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை வீட்டில் பேசுகிற மாதிரி கேளுங்கள். நானும் அப்படித்தான் பதில் சொல்கிறேன், பக்கத்து மேசை ஆசிரியரும் அப்படித்தான்.

பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. சின்ன வயதில் கேள்வி கேட்ட பிள்ளைக்கு "அதிகப்பிரசங்கி" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்தபோது வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "இதுகூடத் தெரியாமல் எப்படி உனக்கு சீட் கிடைத்தது?" என்றார் ஆசிரியர். அறுபது பேர் சிரித்தார்கள். படிப்பு முடியும்வரை அதன் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சக ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், எவ்வளவு வேலை இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். நேரமில்லை, நாளைக்கு வா என்பது வேறு. பிள்ளை நாளைக்கு வரும்.

எப்போது போய்க் கேட்பது என்பதும் முக்கியம். இன்டர்னல் டெஸ்டுக்கு முதல் நாள் என் மேசையைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. பாடம் நடத்தி இரண்டு மூன்று நாளுக்குள் வந்தால் ஆற அமர உட்கார்ந்து பேசலாம்.

இங்கிருந்து எம்எஸ் என்ற முதுநிலைப் படிப்புக்கு அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். அங்கே நான் இரண்டு வருடம் டீச்சிங் அசிஸ்டென்டாக, அதாவது பாடம் நடத்தப் பேராசிரியருக்கு உதவும் மாணவனாக, இருந்தேன். செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே சிலபஸ் என்று ஒரு தாள் தருவார்கள். அதில் 'ஆஃபீஸ் அவர்ஸ்' என்று கிழமையும் நேரமும் போட்டிருக்கும். பேராசிரியர் தன் அலுவலக வேலையைப் பார்க்கிற நேரம், அப்போது தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் முதல் செமஸ்டர் முழுக்க நினைத்திருந்தேன். பிறகு பேசிப் பார்த்தால் ஊரிலிருந்து வந்த நண்பர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். மாணவர்களுக்காகவே கதவைத் திறந்து வைத்து அவர் காத்திருக்கும் நேரம் அது. பொதுவாக முன்கூட்டி அனுமதி கேட்கத் தேவையில்லை. டீச்சிங் அசிஸ்டென்டாக எனக்கும் ஆஃபீஸ் அவர்ஸ் இருந்தது, அதில் நான் உட்கார்ந்திருந்த பல வாரங்களில் ஒருவர்கூட வரவில்லை.

எம்எஸ் படிப்பவர்கள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 3.0க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் புரொபேஷன் என்ற எச்சரிக்கை நிலை, உதவித்தொகைக்கும் ஆபத்து. அவ்வளவு இருந்தும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்து திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே போய் உட்காரலாம். பேர் சொல்லிக் கூப்பிடு என்று அவரே சொல்லும்வரை 'புரொஃபசர்' போதும். ஹோம்வொர்க் டவுட்டுக்கு முதலில் டீச்சிங் அசிஸ்டென்டிடம் போகலாம். எங்கே போனாலும் நீங்கள் போட்டுப் பார்த்த தாளைக் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய் விடையைச் சொல்லுங்கள் என்றால் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். மார்க் குறைந்திருந்தால் "ரெண்டு மார்க் போடுங்க" என்று கேட்க வேண்டாம். "இந்தப் படியில் என் யோசனை எங்கே பிசகியது?" என்று கேளுங்கள். மார்க் தவறாகக் குறைக்கப்பட்டிருந்தால் அந்தப் பேச்சிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு என்னிடம் வருகிறார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து 90 சதவீதம் வாங்கியவருக்கு எழுத உட்கார்ந்தால் மார்க்கைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. மார்க்ஷீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. நடுத்தர மார்க் வாங்கி, ஆனால் தாளும் பென்சிலுமாக ஆறேழு தடவை வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம் தானாகவே எழுத வருகிறது.

அந்த மாணவி மறுவாரமும் வந்தாள். செருப்பு வாசலில்தான் கிடந்தது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்காக மடித்த தாளைப் பிரித்தாள். பழைய கணக்கு, 45 சரியாக வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "பீமுக்கும் எடை இருக்குமே, அதை ஏன் சேர்க்கவில்லை? அதுவும் யூடிஎல்தானா?"

யூடிஎல்தான். "உங்க வீட்டு பீம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். 230 மில்லிமீட்டர் அகலம், 450 ஆழம் என்று வைத்துக்கொண்டோம். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன். பெருக்கிப் பார்த்தாள், மீட்டருக்கு 2.59 வந்தது. மேலே 10 கிலோநியூட்டனைத் தாங்கும் பீம், தன் எடையாகவே அதில் கால்வாசிக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறது.

தாளைத் திருப்பி, 12.59 போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. முடித்துவிட்டுப் போ என்றேன்.