மழையே படாத காருக்குள் தண்ணீர்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் தெருவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை இது: "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, அது போதும்." ஷெட்டில் நிற்கும் வண்டியைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. பெட்ரோலில் இருப்பவை முக்கியமாகக் கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தண்ணீராகிவிடும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வருகிறது. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அத்தனையும் ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும், நம் கண்ணில் படாது. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால்? சைலன்சர் இன்னும் ஆறிய இரும்பு. ஆவி அதன் உட்சுவரில் நீராகப் படிந்து, அங்கேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. ஓடாத வண்டியில் சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டை விழுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசியும் புகையோடு கீழே ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்புக்கு இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோரில் காபித்தூள் கலந்ததுபோல் வெளிறிய குழம்பு ஒட்டியிருந்தால், வண்டி தொடர்ந்து குறைந்த நேரமே ஓடியிருக்கிறது என்று பொருள். (ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு வியாதி. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் பேக்கிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.) இந்த நீர், எரிபொருளின் கழிவு வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகி பேரிங்கை அரிக்கும். இதனால்தான் வருடத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறோம். அதையும் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பழைய ஆயிலோடு நான்கு மாதம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது மாற்றினால், அந்த நான்கு மாதமும் பேரிங் அமிலத்தில் ஊறியிருக்கும். இந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 ஆயில் போதும். விலை உயர்ந்த மெல்லிய சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் பழைய சீல்கள் வழியே தரைக்குத்தான் வரும்.

ஆகவே, ஸ்டார்ட் செய்தால் ஓட்ட வேண்டும். ரேடியேட்டர் சூடாவதை வைத்து முடிவுசெய்யக் கூடாது, ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பதினைந்து இருபது கிலோமீட்டர், அதில் ஒரு பகுதியாவது டாப் கியரில். ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு பத்மினி, ஒரு மோரிஸ் மைனர் என்று மூன்று வண்டி இருந்தால் ஞாயிறுக்கு ஒன்று என்று முறை வைத்துக்கொள்ளலாம். முடியாது என்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் முறைப்படி மூடி நிறுத்துவது மேல்.

தண்ணீர் உள்ளே வரும் இரண்டாவது வழி காற்று. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பில் துரு வேகமெடுக்கிறது. கடலோர ஊர்களில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். உப்புத் தூசி படிந்திருந்தால் இன்னும் முன்பே தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பு தானே ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஷெட்டில் நடக்கும் விஷமம் காலையில்தான். மார்கழி இரவில் இன்ஜின் பிளாக் 23 டிகிரிக்கு ஆறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆவி 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மீதும் பனியாக இறங்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப்போல பிளாக் வேர்க்கிறது, கியர்பாக்ஸ் வேர்க்கிறது, பிரேக் டிரம் வேர்க்கிறது. "நல்ல காற்று வரட்டும்" என்று விடியற்காலையில் ஷட்டரைத் திறப்பது தப்பு. உலர்ந்த வெயில் நேரத்தில், பகல் பதினொன்றுக்கு மேல் திறங்கள். ஒரு சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் இரும்பும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும், வேர்வை குறையும்.

தரையும் ஈரம் கக்கும். ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் வண்டி நிற்கும் இடம் முழுக்கத் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும். பாலித்தீன் இருக்க வேண்டிய இடம் காருக்குக் கீழே. மேலே போர்த்தப் பருத்தித் துணிதான். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிய காரில் பெயிண்ட் கொப்பளிப்பதை நிறையப் பார்க்கலாம்.

மூன்றாவது, டேங்க். பழைய டேங்கின் மூடியில் காற்றுத் துளை உண்டு. பகலில் டேங்க் மூச்சு விடும், இரவில் இழுக்கும். இழுக்கும் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். முன்பெல்லாம் அந்த நீர் டேங்கின் அடியில் தனியே தங்கும், வடிகட்டிவிடலாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், இந்தியாவில் 20 சதவீதம் வரை. எத்தனால் நீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடிக்கு இறங்கிவிடும். பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் குழாய் வாய் வைத்திருப்பதும் அடியில்தான். வண்டி அதைக் குடித்துவிட்டு நின்றுபோகும். அந்தக் கலவை டேங்கின் தகரத்தையும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உலோகத்தையும் அரிக்கும், பழைய ரப்பர் ஹோஸை ஊதவைக்கும், கார்க் பேக்கிங்கைச் சுருக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் விட்டான் எனும் ரப்பர் உள்பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸில் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். சூடான மேனிபோல்டின் மேலே வெடிப்பு விட்ட ஹோஸ் இருப்பதைவிட ஆபத்தான விஷயம் பழைய காரில் வேறில்லை.

எத்தனாலுக்கு இன்னொரு குணம். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்ததற்கு 13.5 கிலோ அளவு. கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவு, கலவையில் எரிபொருள் எட்டு சதவீதம் போலக் குறைந்துவிடுகிறது: பிக்கப் தயங்கும், சூடு ஏறும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். சோதிப்பது எளிது. நன்றாகச் சூடான வண்டியை ஓட்டும்போது, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கால்வாசி இழுங்கள். இழுத்ததும் வண்டி சுகமாக ஓடினால் எரிபொருள் பற்றவில்லை. சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டும், 110 இருந்தால் 115. அந்த எண் துளையின் அகலம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. மோரிஸ் மைனரின் எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் மாற்றத் தேவையில்லை, அடியிலுள்ள நட்டைத் திருகி ஜெட்டைச் சற்று இறக்கினால் போதும். பிறகு அந்தக் கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. ஏறி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். செத்துப்போகிற மாதிரி இறங்கினால் குறைவு.

ஒரு மாதத்துக்குள் எடுப்பதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், ஈரக் காற்றுக்கு இடமிருக்காது. அதற்கு மேல் போனால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுவது நல்லது. பெட்ரோல் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி ஜெட்டில் அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம்.

நான்காவது பிரேக் ஆயில், உயிர் சம்பந்தப்பட்டது. டாட் 3, டாட் 4 எனும் ரக பிரேக் ஆயில்கள் ஈரத்தை இழுப்பவை. ரப்பர் ஹோஸின் சுவர் வழியேகூட நீர் மெல்ல ஊறிச் சேர்ந்துவிடும். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரி வேண்டும், 3.7 சதவீத நீர் சேர்ந்தால் 140 போதும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழ் உருவாகிறது. குமிழ் அமுங்கும் என்பதால் பெடல் தரைக்குப் போகும். மெதுவாக உருட்டும் வண்டியில் இதைவிட அடிக்கடி நடப்பது வேறு: நீர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருப் பள்ளம் போடும், பள்ளம் ரப்பர் கப்பைக் கிழிக்கும், ஆயில் ஒழுகும். இந்த வயது வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் இணைப்பு. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் இல்லை.

கடலோரத்தில் வருடம் ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். அரை லிட்டர் போல ஆகும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகே வர வேண்டும். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது சக்கரம். சக்கரத்தில் ஆயில் வடிக்கும் நிப்பிளில் ஒரு ட்யூப் மாட்டி அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். மேலே பிரேக் ஆயில் டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் கப் எல்லாம் ஊதிவிடும். பிரான்சின் சித்ரோன் டிஎஸ் காருக்கு இந்த விதி தலைகீழ். அதன் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாமே ஒரே திரவ அழுத்தத்தில் இயங்கும். முதலில் வந்த திரவம் நீரை இழுத்து உள்ளே அரித்ததால், 1966-இல் பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறினார்கள். அதில் டாட் 4 ஊற்றினால் வண்டியே போச்சு.

ரேடியேட்டர் விஷயத்தில் பத்மினிக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் நடுவே உப்புள்ள போர் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு பேட்டரி தயார். அதில் கரைவது அலுமினியம். ஹெட்டைக் கழற்றினால் நீர்த் துளைகளின் ஓரம் கறையான் தின்றதுபோல் இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் மூன்றில் ஒரு பங்காவது கூலன்ட் கலந்து ஊற்றி, இரண்டு வருடத்தில் மாற்றுங்கள்.

இப்போது ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் செய்யத் தொடங்கிய இந்த வண்டியில் விசித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஆனால் முன்சக்கரத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை. அது டிரன்னியன் எனும் பித்தளை நிறக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திரும்புகிறது. இதற்கு ஊற்ற வேண்டியது ஈபி 90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நிப்பிளைப் பார்த்ததும் மெக்கானிக்கின் கை கிரீஸ் கன்னுக்குப் போகும். கிரீஸ் உள்ளே காய்ந்து இறுகி வழியை அடைத்துவிடும், மரையின் மேல்விளிம்பு வரை போய்ச் சேராது. மழைநீர் அங்கே புகுந்து எஃகைத் துருவாக்கி மெலிய வைக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் வேகம் குறைவாக ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது, அதாவது பார்க்கிங்கில். அதிலாவது அதிர்ஷ்டம்.

செய்முறை: முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரன்னியனில் திருகு அடைப்பான் இருந்தால் எடுத்துவிட்டு நிப்பிள் போடுங்கள். கிரீஸ் கன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி கியர் ஆயில் நிரப்பி, உதவிக்கு ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டிருக்க, மேலே மரையோரம் சுத்தமான ஆயில் கசியும் வரை அடியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தரையில் சொட்டினால் கவலை வேண்டாம், சொட்டாவிட்டால்தான் பார்க்க வேண்டும். கட்டையை மாற்றும்போது இடதும் வலதும் வேறு என்பதை மறக்காதீர்கள், மரை எதிரெதிர்.

பல நாட்டு வண்டிகள் ஒரே ஷெட்டில் இருந்தால் ஸ்பேனரைப் பிரித்து வையுங்கள். ஹெரால்டு போல்ட் அங்குல அளவு, பத்மினி மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் "உட்காருதே" என்று தோன்றும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த 0.3 மி.மீ. ஆட்டம் போதும், தலை உருண்டுவிடும். மோரிஸ் மைனரில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்கு எர்த். வழக்கம்போல் மைனஸைப் பாடியில் கட்டிவிடாதீர்கள். எந்த வண்டியானாலும் நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டயரில் காற்று 40 பவுண்டு அடித்து வையுங்கள், ஓட்டுவதற்கு முன் இறக்கிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை. கிளட்ச் தட்டு துருவில் ஒட்டிக்கொள்ளும் மழை மாதங்களில் பெடலை அமுக்கி சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கழி கொடுத்து வைப்பார்கள், நல்ல பழக்கம்தான்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியை எழுப்புவதில் அவசரம் ஆகாது. நேராகச் செல்ஃப் அடித்தால் துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள், இன்ஜின் சுற்ற வேண்டும். அடம்பிடித்தால் பலவந்தம் வேண்டாம், இன்னொரு டீஸ்பூன், இன்னொரு இரவு. சுற்றியதும் பிளக் இல்லாமலே, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டைத் துடைத்து 0.4 மி.மீ. இடைவெளி வையுங்கள். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். கிளம்பும் முன் பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், கால் மெல்ல இறங்கினால் அன்றைக்குப் பயணம் இல்லை. இறங்கவில்லை என்றால் கிளம்பலாம். முதலில் சைலன்சர் நுனியில் கறுப்பு நீர் சொட்டும். அது நின்ற பிறகும் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.