திரில்லர்: நெஞ்சு பதைக்கும் படத்துக்கு ஒரு சொல்

'திரில்லர்' என்பது ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்குள் வந்து தங்கிவிட்ட பெயர்ச்சொல். வரப்போகும் ஓர் ஆபத்தை முன்வைத்து, பார்ப்பவரைக் கடைசிவரை இருப்புக்கொள்ளாமல் வைத்திருக்கும் படத்தையும், வாசிப்பவரை அவ்வாறு வைத்திருக்கும் கதையையும் அது குறிக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் இன்றைய பிள்ளைகளிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால், ஹொரர், திரில்லர், கொமடி என்னும் மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். (தமிழ்நாட்டில் ஹாரர், காமெடி என்று எழுதப்படுவனவற்றை ஒகரமிட்டு எழுதுவது ஈழத்து வழக்கம்.) இவற்றுள் கொமடிக்கு நகைச்சுவை என்ற சொல் உறுதியாக நிலைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் சுவரொட்டிகளும் தொலைக்காட்சி அறிவிப்புகளும் பெரும்பாலும் 'திகில்' என்ற ஒரே சொல்லைத்தான் போடுகின்றன. திரைத்துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் மின்பிறப்பாக்கி வைத்து இரவில் முற்றத்தில் படம் போட்ட காலத்திலிருந்து விடாமல் படம் பார்த்து வரும் ஒருவன் என்ற முறையில், இந்த ஒரு சொல் இரண்டு வகைப் படங்களையும் தாங்காது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைச் சொற்களின் வழியாகவே சொல்லலாம்.

'திரில்' என்னும் ஆங்கில வினைக்கு முதலில் இருந்த பொருள் துளைத்தல். பழைய ஆங்கிலத்தில் துளையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அது பிறந்தது. மூக்குத் துளையைக் குறிக்கும் 'நொஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதியில் அந்தப் பழைய துளை இன்றைக்கும் இருக்கிறது. தொடக்கத்தில் 'திர்ல்' என்பது போல ஒலித்த சொல்லில் ரகரமும் உயிரும் இடம் மாறியதால் 'திரில்' ஆயிற்று. தசை என்பது சதை என்றும், ஞிமிறு என்பது மிஞிறு என்றும் மாறி வழங்குவதை அறிந்த தமிழருக்கு இந்த மாற்றம் புதிதாகத் தோன்றாது. ஆயுதம் உடலைத் துளைப்பதைச் சொன்ன இவ்வினை, 16ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தை ஒட்டி, ஓர் உணர்ச்சி உடலை ஊடுருவிப் பாய்வதையும் சொல்லத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்படி ஊடுருவும் கதைக்கு 'திரில்லர்' என்ற பெயர் வழக்கில் வந்தது. ஆகவே இச்சொல்லின் அடியில் கிடப்பது அச்சம் என்ற பொருளே அல்ல. உடலுக்குள் எதுவோ ஊடுருவிச் செல்லும் உணர்வுதான் அங்கே கிடக்கிறது.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களை இப்பொழுது பார்ப்போம். 'திகில்' நம்முடைய மொழிக் குடும்பத்துக்குரிய சொல். கன்னடத்தில் திகிலு என்றும் தெலுங்கில் திகுலு என்றும் அதன் உறவுகள் உள்ளன. கன்னடத்தில் அதற்கு அச்சம் என்றே பொருள். தெலுங்கில் அது கவலை, மனச்சோர்வு என்னும் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தமிழில் திகில் என்றால் திடீரென்று பற்றிக்கொள்ளும் பேரச்சம். 'மர்மம்' வடமொழியிலிருந்து வந்தது. உடலின் உயிர்நிலையைக் குறித்த சொல், மறைவானது, வெளிப்படாதது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொலை செய்தவர் யார் என்பது கடைசிவரை தெரியாத கதைக்கு அச்சொல் மிகவும் பொருந்தும். ஆனால் கொலைகாரன் யார் என்று முதற்காட்சியிலேயே காட்டிவிட்டு, அவன் அடுத்து எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான் என்று ஏங்க வைக்கும் படங்கள் பல உண்டு. அவற்றில் மர்மம் எதுவும் இல்லை. 'விறுவிறுப்பு' வேகத்தைச் சொல்கிறது. ஒரு கிரிக்கெட் போட்டியும் விறுவிறுப்பாக இருக்கலாம். 'பரபரப்பு' செய்தித்தாள்காரரின் சொல்லாகி வலுவிழந்துவிட்டது. 'துப்பறியும் படம்' என்பது கதைத்தலைவரின் தொழிலைச் சொல்கிறதே தவிர, பார்ப்பவருக்கு நேர்வதைச் சொல்லவில்லை.

பார்ப்பவருக்கு நேர்வது எது என்பதை இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்கொக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசையொன்றின் அருகில் இருந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அது வெடித்தால் நாம் 15 வினாடி திடுக்கிடுவோம். குண்டு வைக்கப்பட்டதை நாம் முன்பே பார்த்திருந்தால், அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் இப்போது மணி பன்னிரண்டே முக்கால் என்பதும் நமக்குத் தெரிந்திருந்தால், அதே வெறும் பேச்சு நம்மை 15 நிமிடம் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பிடித்து வைத்தலைத்தான் ஆங்கிலம் 'சஸ்பென்ஸ்' என்கிறது. இலத்தீனில் தொங்கவிடுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் அது.

வன்னியில் வயற்காவலுக்குப் போனவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலபோக நெல் கதிர்முற்றி நிற்கும் நாள்களில், காவற்கொட்டிலிலோ பரணிலோ இரவு இருந்தவர், காட்டுக்கரையில் ஒரு கொப்பு முறியும் ஓசையைக் கேட்டபின் அடுத்த கொப்பு எந்தப் பக்கத்தில் முறியும் என்று காத்திருப்பார். யானை வயலுக்குள் இறங்கியபின் செய்ய வேண்டியவை பல உண்டு. வெடி கொளுத்தலாம், தீப்பந்தம் பிடிக்கலாம், கத்தலாம். அது இறங்குமுன் உள்ள நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தை எங்கள் ஊர்ப் பேச்சு 'அந்தரம்' என்று சொல்லும். வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவே தொங்கும் நிலையைக் குறித்த இந்தச் சொல், ஈழத்தில் மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதையும் குறிக்கிறது. 'அந்தரப்படாதை' என்று ஆறுதல் சொல்வோம். 'எனக்கு அந்தரமாக் கிடக்கு' என்று முறையிடுவோம். தொங்குதலையும் தவிப்பையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால், சஸ்பென்ஸ் என்பதற்கு அந்தரம் என்பதைவிட நெருங்கிய சொல்லை என்னால் காண முடியவில்லை. அது வடமொழி வழி வந்த சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் தயங்கலாம். வந்தது வெளியிலிருந்தாயினும், இந்தப் பொருளை அதற்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

திரில்லருக்குரிய சொல்லை எனக்குத் தந்தவர் என் பெரியம்மா. பேய்ப்படங்களை அவர் சலனமின்றிப் பார்ப்பார். வெள்ளைச் சீலையும் விரித்த தலையுமாக உருவம் வரும்போது பிள்ளைகள் கண்ணைப் பொத்த, அவர் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள், கடத்தப்பட்ட ஒரு பிள்ளையைத் தேடும் படத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். பேயும் இல்லை, இரத்தமும் இல்லை. ஒரு தகப்பன் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் காட்சி மட்டும் நீண்டுகொண்டிருந்தது. பெரியம்மா எழுந்துவிட்டார். "உந்தப் படத்தை நிப்பாட்டு தம்பி, எனக்கு அந்தரமாக் கிடக்கு, நெஞ்சு பதைக்குது" என்றார். பேய்க்கே பயப்படாத நீங்கள் இதற்கு ஏன் எழும்புகிறீர்கள் என்று கேட்டேன். "பேய் இல்லையெண்டு எனக்குத் தெரியும். இது நடக்கிற காரியம்" என்பது அவருடைய மறுமொழி. 2009 வரை வன்னிக்குள் இருந்தவர் அவர். எறிகணை குத்தும் (ஏவப்படும்) ஓசைக்கும் அது விழும் ஓசைக்கும் இடையில் பதுங்குகுழிக்குள் கழிந்த வினாடிகளை அவருடைய உடல் மறக்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பதைத்தல் என்பது துடித்தல், உள்ளே ஓயாது அசைந்துகொண்டிருத்தல். வெயிலில் விழுந்த புழு பதைக்கும். தரையில் போட்ட மீன் பதைக்கும். பிள்ளையைக் காணாத தாயின் நெஞ்சும் பதைக்கும். திரில் என்பதைப் போலவே இதுவும் உடலுக்குள் நிகழ்வதைச் சொல்லும் வினை. ஆகவே திரில்லருக்குப் 'பதைப்புப் படம்' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. எங்கள் பேச்சில் 'பதகளிப்பு' என்றும் ஓர் அழகிய சொல் உண்டு. ஆனால் அதை இங்குள்ள உளநல மருத்துவர்கள் மனப் பதற்றத்துக்குரிய துறைச்சொல்லாக எடுத்துக்கொண்டு நல்ல பணிக்குப் பயன்படுத்துகிறார்கள். அதைப் படங்களுக்கு இழுத்துவருவது தகாது.

இனி ஹொரர். இலத்தீனில் மயிர் குத்திட்டு நிற்பதைச் சொன்ன வினையிலிருந்து பிறந்தது இது. தமிழில் அதற்கு நேரான 'மயிர்க்கூச்செறிதல்' என்ற தொடர் முன்பே இருக்கிறது. ஆனால் நாம் அதை வீரச் செயல்களுக்கும் வித்தைகளுக்கும் கொடுத்துவிட்டோம். 'பயங்கரப் படம்' என்று சிலர் எழுதுகிறார்கள். இலங்கையில், அதிலும் வன்னியில், பயங்கரம் என்ற சொல்லைக் கேட்டால் 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அச்சொல்லைப் பொழுதுபோக்கின் பெயராக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பேய்ப்படம் என்ற எளிய சொல்லைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் தொல்காப்பியத்தின் உரியியலைப் பார்க்க வேண்டும். பே, நாம், உரும் என்னும் மூன்று சொற்களும் அச்சப் பொருளன என்று அது கூறுகிறது. பேய் என்ற சொல்லுக்கு அருகிலேயே அச்சம் என்னும் பொருளுடைய 'பே' நிற்கிறது. எனினும் பேயே வராத ஹொரர் படங்களும் உள்ளன. அவற்றையும் அடக்கும் சொல் வேண்டுமென்றால் 'வெருட்டு' இருக்கிறது. பிள்ளைகளை வெருட்டாதே என்று இன்றும் நாள்தோறும் சொல்கிறோம். வயலில் கந்தல் சட்டை போட்டு நிறுத்தும் பொம்மைக்கு வெருளி என்றுதான் பெயர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் வரும் 'வெரூஉதல்', திருக்குறளின் 57ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'வெருவந்த செய்யாமை' ஆகியவை இதன் பழைய சொந்தங்கள். தமிழ்நாட்டில் வழக்குக் குறைந்துவிட்ட ஒரு வேர் எங்கள் வயல்களில் உயிரோடு நிற்கும்போது, 'வெருட்டுப் படம்' என்று சொல்வதற்கு நாம் கூச வேண்டியதில்லை. வெருட்டுப் படத்துக்குத் திகில் படம் என்ற மறுபெயர் இருப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அதைப் பதைப்புப் படத்துக்கும் போட்டுவிடுவதைத்தான் மறுக்கிறேன்.

இரண்டும் அச்சம்தானே, தொல்காப்பியர் அச்சத்தை ஒரே மெய்ப்பாடாக, அதாவது உடலில் வெளிப்படும் ஒரே உணர்வாகத்தானே எண்ணினார் என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டுள் ஒன்றாகவே அதை வைத்தார். ஆனால் அது பிறக்கும் இடங்களை 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று பிரித்துக் காட்டினார். அணங்கிலிருந்து, அதாவது பேய், தெய்வம் போன்றவற்றிலிருந்து பிறக்கும் அச்சம் வெருட்டுப் படங்களில் இருக்கிறது. விலங்கிலிருந்து பிறப்பது சுறாவையும் பாம்பையும் காட்டும் படங்களில் இருக்கிறது. கள்வரும் இறையும், அதாவது நமக்குத் தீங்கு செய்யும் மனிதரும் நம்மை ஆளும் அதிகாரமும், பதைப்புப் படங்களின் களம். நான் பார்த்த படங்களில் நாள்கணக்கில் மனத்தை விட்டு நீங்காதவை எல்லாம் இந்தப் பின்னிரண்டைச் சேர்ந்தவை. வெருட்டுப் படங்களில் கதவு அறைந்து சாத்தும் ஓசையையும் திடீரென்று உயரும் இசையையும் நம்பி எடுக்கப்பட்டவை எனக்கு உவப்பில்லை. அவை திடுக்கிட வைக்கின்றன, வெருட்டுவதில்லை.

கொமடியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கிரேக்கத்தில் களியாட்டத்தையும் பாட்டையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து அது பிறந்தது. ஊர் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்று வாதிட்டவர்களும் பழைய கிரேக்கத்தில் இருந்ததை அரிஸ்டோட்டில் குறிக்கிறார். ஊரூராக அலைந்த கூத்தாடிகளிடமிருந்து அப்பெயர் வந்தது என்பது அவர்களின் வாதம். இங்கு காத்தவராயன் கூத்தை விடியும்வரை பார்த்தவர்களுக்கு அந்த வாதம் பிடிக்கும். நகைச்சுவை நல்ல எழுத்துச் சொல். பேச்சில் எங்களுக்குப் 'பகிடி' இருக்கிறது. அச்சொல் சட்டத்துக்குள்ளும் போயிருக்கிறது: பல்கலைக்கழகங்களில் புதிய மாணவரைத் துன்புறுத்துவதை இலங்கைத் தமிழ் 'பகிடிவதை' என்கிறது, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்க வந்தது. நகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சொன்னார். நமது படங்களோ பல காலமாக எள்ளல் ஒன்றையே பிடித்துக்கொண்டு, ஒருவரின் நிறத்தையும் பருமனையும் காட்டிச் சிரிக்கச் சொல்கின்றன. பகிடி வதையாக மாறும் இடம் திரையிலும் உண்டு, அதைப் பார்த்து என்னால் சிரிக்க முடிவதில்லை.

பேயையும் சிரிப்பையும் ஒன்றாகக் கட்டிய படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் நல்லவை, முதலில் பேயை உண்மையாக நம்ப வைத்துவிட்டுப் பிறகு சிரிக்க வைப்பவை. அவ்வகைக்கு எங்கள் வீட்டில் 'பேய்ப்பகிடி' என்ற பெயர் தானாகவே வந்துவிட்டது. புதிதாக ஒரு படம் போடும்போது பெரியம்மா இப்பொழுதெல்லாம் முதலில் கேட்பது இதுதான்: "இது பேய்ப்பகிடியோ, பதைக்கிற படமோ?" முன்னது என்றால் பாக்குவெட்டியோடு வந்து இருப்பார், பின்னது என்றால் அடுப்படிக்குப் போய்விடுவார்.