முதலில் மனு, பிறகு மிஷின்: ஜவுளிக் கருவி கண்டுபிடித்த சிறு பட்டறைக்காரர் காப்புரிமை வாங்குவது எப்படி?

பல்லடம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் ஒரு மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். பைக்குள் ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை, அதன்மேல் கோத்த டிராப் பின்கள், ஒரு ஓரத்தில் சின்ன ஸ்பிரிங்.

பழைய சாதா விசைத்தறியில் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் தறி தானாக நிற்காது. ஓட்டுகிறவர் பார்க்கும் வரை துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். இதற்கு மருந்தாக ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகப் பின் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். நூல் அறுந்தால் பின் விழும், கீழே உள்ள பட்டையைத் தொடும், கரண்ட் பாயும், தறி நிற்கும். இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். ஆனால் பருத்தி ஓடும் ஷெட்டில் பின்னுக்கும் பட்டைக்கும் நடுவே பஞ்சு படிந்துவிடும். பின் விழுந்தாலும் தொடாது, தறியும் நிற்காது. இவர் என்ன செய்திருந்தார் என்றால், ஊடு நூலை அடித்து நெருக்கும் சட்டமான ஸ்லே முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டத்திலிருந்தே ஒரு கம்பியை இழுத்து, அந்தப் பட்டையை லேசாக அதிர வைத்திருந்தார். பஞ்சு தானாக உதிர்ந்துவிடும். தனி மோட்டார் கிடையாது, கூடுதல் கரண்ட் கிடையாது.

"இதுக்குப் பேடன்ட் வாங்கணுங்க" என்றார்.

"யாருக்காவது காட்டினீங்களா?"

"எட்டு மாசம் முந்தி கண்காட்சியில ஸ்டால் போட்டோமுங்க. போன்ல வீடியோவும் போட்டுவுட்டோம். நல்லா ஓடுச்சுங்க."

அவ்வளவுதான். அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்கும் வாய்ப்பு அன்றே போயிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

திருப்பூர், சோமனூர், கரூர், ஈரோடு என்று எங்கே போனாலும் இப்படி ஒரு பட்டறை இருக்கிறது. பிட்டர்களும் லேத் வேலைக்காரர்களும் தறியை நிறுத்த, துணியைப் பார்க்க, நூலை எண்ண ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். காப்புரிமை என்றால் லட்சக்கணக்கில் செலவு, பெரிய கம்பெனிகளுக்கான விஷயம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அரசு தருகிற சலுகை என்ன, மனு எப்போது போட வேண்டும் என்பதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் "புதியது" என்பதைப் பார்த்துவிடலாம். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, மனு போடும் நாளுக்கு முன் அந்தப் பொருள் உலகத்தில் எங்கேயும் அச்சிலோ புழக்கத்திலோ வெளியாகியிருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் இதே கதிதான். வீடியோ, விளம்பர நோட்டீஸ், கண்காட்சி, விற்ற முதல் மிஷின் எல்லாமே கணக்கில் வரும். கண்காட்சிக்கு 12 மாத விலக்கு ஒன்று உண்டு. ஆனால் அது மத்திய அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும். ஊரில் வருடாவருடம் நடக்கிற மிஷின் கண்காட்சியை நம்பி ஸ்டால் போட வேண்டாம். சோதனை ஓட்டத்துக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. பொது இடத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற கண்டுபிடிப்பை, சோதனைக்காக மட்டும் ஓட்டியிருந்தால், ஒரு வருடத்துக்குள் மனு போடலாம். "மட்டும்" என்ற சொல்தான் முக்கியம். ஒரு தறிக்குக் காசு வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டால் அது வியாபாரம், சோதனை இல்லை.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டியது தற்காலிக விவரக்குறிப்போடு கூடிய மனு. மிஷின் முழுதாகத் தயாராகி இருக்க வேண்டியதில்லை. எது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும், கையால் போட்டதே ஆனாலும் தெளிவான படமும் இருந்தால் போதும். படிவம் 1, படிவம் 2 இரண்டும் வேண்டும். தனி ஆள் பெயரில் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இதே மனு 8,000. நேரில் தாளாகக் கொடுத்தால் தனி ஆளுக்கு 1,750. தமிழ்நாட்டு மனுக்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. மனு ஏறிய நாள் முதல், அதில் எழுதிய விஷயத்துக்கு அந்தத் தேதி உங்களுடையது. அதற்கப்புறம் வீடியோ போடலாம், ஸ்டால் போடலாம். மனுவில் எழுதாமல் பிற்பாடு சேர்த்த மேம்பாட்டுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். முழு விவரக்குறிப்புக்குத் தனியாக மனுக் கட்டணம் இல்லை. 30 பக்கத்தையும் 10 உரிமைக் கோரிக்கைகளையும் (எதெது உங்கள் கண்டுபிடிப்பு என்று எண்ணிட்டுக் கேட்கும் வரிகள்) தாண்டினால்தான் கூடுதல் பணம்: தனி ஆளுக்குப் பக்கத்துக்கு 160, கோரிக்கைக்கு 320 ரூபாய்.

இந்தக் குறைந்த கட்டணம் தனி ஆளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பு சிறு நிறுவனங்களுக்குக் கட்டணம் இதைவிட அதிகமாக இருந்தது. 2020 நவம்பரில் விதியைத் திருத்தி அவர்களையும் தனி ஆளுக்குச் சமமாக்கிவிட்டார்கள். இயந்திர முதலீடு நடுத்தர நிறுவனத்துக்கான வரம்பைத் தாண்டாத எந்த உற்பத்தி நிறுவனமும் இதில் வரும். அதாவது நம் ஊர்ப் பட்டறைகள், நிட்டிங் கம்பெனிகள் அநேகமாக எல்லாமே. படிவம் 28 நிரப்பி, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை இணைத்தால் போதும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கும் இதே கட்டணம். கல்வி நிறுவனங்களை 2021இல் சேர்த்தார்கள். ஒரு எச்சரிக்கை: சலுகையில் போட்ட மனுவைப் பின்னால் பெரிய கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தால், விட்டுப்போன வித்தியாசத்தைக் கட்டியாக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது ஆய்வுக் கோரிக்கை. நிறைய மனுக்கள் செத்துப்போவது இங்கேதான். மனு போட்டதும் அலுவலகம் தானாக ஆய்வு செய்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். செய்யாது. படிவம் 18இல் நீங்கள் கேட்க வேண்டும், சலுகைக் கட்டணம் 4,000 ரூபாய். 2024 மார்ச் 15 முதல் போட்ட மனுக்களுக்குக் கெடு 31 மாதம். அதற்கு முன்பு 48 மாதம் இருந்தது. பழைய ஞாபகத்தில் "நாலு வருசம் இருக்குதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவசரமாக வேண்டும் என்றால் படிவம் 18ஏ. சிறு நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும், மனுதாரரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் அவர்களும் விரைவு ஆய்வு கேட்கலாம். கட்டணம் 8,000 ரூபாய். அதற்கு மனு முன்கூட்டியே வெளியாக வேண்டும் என்பதால், படிவம் 9க்கு இன்னொரு 2,500 ஆகும். கேட்காவிட்டால் 18 மாதம் கழித்துத்தான், வெள்ளிக்கிழமை தோறும் வரும் காப்புரிமை இதழில் மனு வெளியாகும். ஆய்வறிக்கை வந்தால் பதில் சொல்ல ஆறு மாதம், கேட்டு வாங்கினால் இன்னும் மூன்று மாதம்.

எதைக் கேட்பது என்பதுதான் முழு வேலையிலும் நுணுக்கமான இடம். பல்லடத்துக்காரரின் பட்டையையே எடுத்துக்கொள்வோம். "பாவு அறுந்தால் தறியை நிறுத்தும் கருவி" என்று எழுதினால் ஆய்வு அதிகாரி முதல் நாளே தள்ளிவிடுவார், ஏனென்றால் அது நூற்றாண்டுப் பழசு. கடையில் வாங்கிய சென்சாரையும் பஸ்ஸரையும் தறியில் மாட்டி, இரண்டும் அதது வேலையை அதது பார்த்தால், தெரிந்த பொருள்களை மாற்றி வைத்த வெறும் அடுக்கு என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவே தள்ளச் சொல்கிறது. "ஸ்லேயின் அசைவை வாங்கிப் பட்டையை அதிரச் செய்து, பஞ்சு படியாமல் காக்கும் இணைப்பு" என்று எழுதியிருந்தால் பேச்சே வேறு. உங்கள் புதுமை கருவியின் பெயரில் இருக்காது. முன்பு எது வேலை செய்யாமல் போனது, இப்போது எதனால் வேலை செய்கிறது என்பதில் இருக்கும்.

கண்காணிப்புக் கருவிகளுக்கு இன்னொரு தடை உண்டு. எந்தத் தறி எத்தனை முறை நின்றது, எந்த ஷிப்டில் எத்தனை மீட்டர் என்று போனில் காட்டும் ஆப் செய்கிற இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். கணினி நிரலுக்கு மட்டும், அல்காரிதத்துக்கு மட்டும் இங்கே காப்புரிமை கிடையாது. ஆனால் நிரல் இருக்கிறது என்பதற்காகவே மனுவைத் தள்ளிவிடக் கூடாது, அதனால் தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் சொன்னது. அதனால் கேமரா துணியைப் பார்த்து, ஊசி உடைந்த கோட்டைக் கண்டுபிடித்து, நிட்டிங் மிஷினை நிறுத்துகிறது என்றால், மிஷினில் நடக்கும் மாற்றத்தை முன்னால் வைத்து எழுதுங்கள். கணக்கைத் திரையில் காட்டுவது மட்டும் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மனு போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலும் கூகுள் பேடன்ட்ஸும் இலவசம். சர்வதேச வகைப்பாட்டில் நெசவுக்கு டி03டி, பின்னலுக்கு டி04பி, நூற்புக்கு டி01ஹெச் என்ற குறிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நிறுத்தும் கருவிகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் ஜப்பான்காரரும் ஜெர்மானியரும் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஜப்பானில் தச்சர் மகனான டொயோடா சகிச்சி, நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியைச் செய்தவர். 1924இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. அறுந்த நூலைக் கவனித்த கருவிக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் பள்ளியைப் பாதியில் விட்டவர். போச்சம்பள்ளி சேலைக்கு நூல் சுற்ற, அவருடைய அம்மா ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கான முறை கையை ஆட்ட வேண்டியிருந்தது. தோள் வலியில் அம்மா படும் பாட்டைப் பார்த்து, அந்த நூலைச் சுற்றித் தரும் ஆசு மிஷின் செய்தார், அதற்கு அம்மா லட்சுமியின் பெயரையே வைத்தார். நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. காப்புரிமையும் கிடைத்தது, 2017இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவருக்குத் துணை நின்றது தேசிய புத்தாக்க அறக்கட்டளை. பட்டப் படிப்பு இல்லாமல் சொந்த அறிவால் செய்தவர்களுக்கு இந்த அமைப்பு காப்புரிமை எடுக்க உதவுகிறது. நம் பிட்டர்களில் பலருக்குப் பொருந்துகிற வழி இது.

செலவைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய 'எம்எஸ்எம்இ இன்னவேட்டிவ்' திட்டத்தில், உள்நாட்டுக் காப்புரிமைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநாட்டுக் காப்புரிமைக்கு ஐந்து லட்சம் வரை திருப்பித் தர வகை செய்தார்கள். காப்புரிமை கிடைத்த பிறகுதான் கேட்க முடியும் என்பதால், வழக்கறிஞருக்கும் முகவருக்கும் கொடுத்த ரசீதுகளை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். மனு போடும் சமயத்தில் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடைத்த காப்புரிமை, மனு போட்ட நாளிலிருந்து 20 வருடம். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பித்தல் கட்டணம் உண்டு. சலுகைக் கணக்கில் வருடம் 800 ரூபாயில் தொடங்கிக் கடைசி ஐந்து வருடம் 8,000 ஆகிறது. முழுக் காலமும் வைத்திருந்தால் மொத்தம் 76,800. கருவி விற்கவில்லை என்றால் இடையில் விட்டுவிடலாம், தண்டனை எதுவும் இல்லை. இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். வங்கதேசத்துக்கு மிஷின் அனுப்பும் எண்ணம் இருந்தால், முதல் மனுவிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டுப் பாதையையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று என் மனதை உறுத்துவது. படிவத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறது. முதலாளி பணம் போட்டிருக்கலாம், ஷெட் கொடுத்திருக்கலாம். யோசனை பிட்டருடையது என்றால் அந்த இடத்தில் பிட்டர் பெயர்தான் வர வேண்டும். உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், கண்டுபிடித்தவர் என்ற பெயரை மாற்ற முடியாது. நம் சட்டத்தில் தொழிலாளியின் கண்டுபிடிப்பு யாருக்கு என்று தனிப் பிரிவு இல்லை, ஒப்பந்தம்தான் பேசும். அதனால் இருவரும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

பல்லடத்துக்காரர் அந்தப் பட்டையோடு நின்றுவிடவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு இணைப்போடு வந்தார். இந்த முறை மஞ்சள் பையைத் திறப்பதற்கு முன்பே, "யாருக்கும் காட்டலீங்க, ஷெட்டுக் கதவைக்கூடச் சாத்தித்தான் ஓட்டினேன்" என்றார். அந்த வாரமே 1,600 ரூபாய் கட்டி மனு ஏறியது. கண்டுபிடித்தவர் இடத்தில் இரண்டு பெயர்: அவருடையது, அவரிடம் பதினொரு வருடமாக வேலை செய்யும் பிட்டருடையது. முழு விவரக்குறிப்புக்கு ஆடி மாதம் வரை நேரம் இருக்கிறது. பாலிடெக்னிக் படிக்கும் மகன் படங்களை வரைந்துகொண்டிருக்கிறான். மனுவுக்குப் பிறகு அதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். அதுவும் சேர்ந்து ஏறும் வரை, அந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.