வீவக பட்டியலும் வீட்டுப் பிள்ளைகளும்

ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில், ஈசூனிலிருந்து வந்த ஒரு குடும்பம் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிய பொமரேனியன் குட்டியை என் மேசைமீது வைத்தது. ஐந்து மாதக் குட்டி; எடை ஒன்றரைக் கிலோவைத் தொடவில்லை. ஆறு வயதுச் சிறுமி அதை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், குட்டி துள்ளியிருக்கிறது, அவள் பிடி நழுவியிருக்கிறது. முழங்கால் உயரத்திலிருந்து விழுந்ததுதான். எக்ஸ்ரேயில் முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தன. பென்சிலைவிட மெலிந்த எலும்புகள் அவை. சிறுமி ஒரு வார்த்தையும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிதான் கேட்டார்: “சின்ன நாய்தானே டாக்டர் பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு சொன்னாங்க?”

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இதே கேள்வி வெவ்வேறு சொற்களில் என்னிடம் அடிக்கடி வருகிறது. (இக்கட்டுரையில் வரும் குடும்பங்களை அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றியே எழுதியிருக்கிறேன்.)

சிங்கப்பூரில் இந்த எண்ணம் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பட்டியலில் இருப்பவை சிறிய உருவம் கொண்ட இனங்கள். அடுக்குமாடி வீட்டில், மின்தூக்கியில், பொது நடைபாதையில் சமாளிக்கத்தக்க அளவு என்பதே அதன் அடிப்படை. ஆனால் பெற்றோர் பலர் அந்தப் பட்டியலை, அரசாங்கமே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ‘குடும்ப நாய்கள்’ பட்டியலாகப் படிக்கிறார்கள். சிவாவாவும் ஜாக் ரஸ்ஸல் டெரியரும் கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. குழந்தையுள்ள வீட்டில் இந்த மூன்றும் நடந்துகொள்ளும் விதமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பட்டியல் நாயின் உருவத்தைப் பற்றிச் சொல்கிறது. அதன் குணத்தைப் பற்றியோ, உங்கள் பிள்ளையின் வயதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

குணத்தை அறிய எளிய வழி, அந்த இனம் முதலில் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்று கேட்பதே. ஜாக் ரஸ்ஸல் இங்கிலாந்தில் நரி வேட்டைக்கென வளர்க்கப்பட்டது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டும் துணிவும் ஓயாத துடிப்பும் அதன் இரத்தத்தில் ஊறியவை. காலையில் பத்து நிமிடம் புளோக்கைச் சுற்றி வருவது அதற்குப் போதாது. அந்த மிச்சச் சக்தி சோபா உறைமீதும் பிள்ளைகளின் காற்சட்டை நுனிமீதும் இறங்கும். தினமும் ஓடத் தயாராக இருக்கும் பதின்ம வயதினர் உள்ள வீட்டுக்கு அது அருமையான நாய். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஷெட்லண்ட் ஷீப்டாக் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள தீவுகளில் ஆடு மேய்த்த மரபில் வந்தது. புத்திசாலி, விசுவாசி. ஆனால் வரவேற்பறையில் ஓடிப்பிடித்து விளையாடும் மூன்று பிள்ளைகள் அதன் கண்ணுக்கு ஒரு மந்தை. சுற்றி வளைத்துக் குரைக்கும், சில வேளைகளில் குதிகாலைக் கவ்வும். பெற்றோர் அதைக் ‘கடி’ என்று கூறி என்னிடம் அழைத்து வருகிறார்கள். நாயைப் பொறுத்தவரை அது தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

சிவாவா, மினியேச்சர் பின்ஷர், இத்தாலியன் கிரேஹவுண்ட், பொமரேனியன் ஆகியவற்றைப் பற்றி என் கருத்து கறாரானது: ஏழெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். இவற்றில் ஆபத்து பெரும்பாலும் நாய்க்குத்தான். மிகச் சிறிய இனங்களின் முன்னங்கால் எலும்பின் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே முறிந்தால் வெறும் கட்டுப் போட்டுக் குணமாக்குவது கடினம். உலோகத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படும். அந்தப் பொமரேனியனுக்கும் அதைத்தான் செய்தோம். அது பிழைத்தது, நன்றாக நடக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போது சிறுமி நாயைத் தூக்குவதில்லை, நாயும் அவளிடம் போவதில்லை என்று தாயார் ஒருமுறை கூறினார்.

கவாலியர் பெரும்பாலும் மென்மையான நாய். மடியில் கிடப்பதற்காகவே வளர்க்கப்பட்ட இனம், புதியவர்களிடமும் முறைப்பதில்லை. குணத்தை மட்டும் பார்த்தால் சிறு பிள்ளைகள் உள்ள வீவக வீட்டுக்கு என் முதல் தேர்வு அதுவாகத்தான் இருக்கும். ஆயினும் இதன் இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இதய இடது வால்வு படிப்படியாகத் தேய்ந்து கசியும் நோய் இந்த இனத்தில் பரவலாகக் காணப்படுகிறது. நடுத்தர வயதிலேயே இதயத்தில் முரல் ஒலி கேட்கத் தொடங்கும் கவாலியர்கள் ஏராளம். தாய் தந்தை நாய்களின் இதயப் பரிசோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள். தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிய நாய், அப்பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் ஆண்டில் தினமும் இரண்டு வேளை இதய மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மினியேச்சர் ஷ்னாசர் உறுதியான உடலமைப்பு கொண்டது, பிள்ளைகளின் முரட்டு விளையாட்டை ஓரளவு தாங்கும். நடைபாதையில் யார் போனாலும் குரைக்கும் என்பதால் அண்டை வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மினியேச்சர் பூடில் விரைவாகக் கற்கும், முடி அதிகம் உதிராது. ஆனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டும் செலவு உண்டு. ஷிட்சு அமைதியானது. அதன் தட்டை முகத்துக்கு நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் ஒத்துவராது. பிற்பகலில் அதை விளையாட்டுத் திடலுக்கு இழுத்துச் செல்லும் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக் நாய்க்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். டாக்ஸ்ஹண்டை எப்படித் தூக்குவது என்று தெரியாதவர்கள், முன்னங்கால் இரண்டையும் பிடித்து உயர்த்தும் பிள்ளைகள் உட்பட, அதன் முதுகெலும்புக்கு எமன்.

தனியார் வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் கோல்டன் ரிட்ரீவரைக் கேட்கிறார்கள். பொறுமைக்குப் பெயர்பெற்ற இனம்தான். ஆனால் வளர்ந்த பிறகு 25 முதல் 34 கிலோ. அன்போடு உடம்பை ஒரு திருப்பு திருப்பினாலே இரண்டு வயதுக் குழந்தையைத் தள்ளிவிடும். இரண்டு வயது வரை அது பெரிய உடம்புக்குள் இருக்கும் குட்டிதான். நாளுக்கு இருமுறை நல்ல நடை, விடாத பயிற்சி ஆகியவற்றுக்கு ஆள் இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

இனத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு, இனத்தைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்காங்கில் வசிக்கும் ஒரு தந்தை, சாதுவென்று பெயரெடுத்த ஷிட்சு தம் மூன்று வயது மகனின் கன்னத்தில் ‘எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்’ கடித்துவிட்டதென்று அழைத்து வந்தார். நல்ல வேளையாகக் காயம் ஆழமில்லை. கடிப்பதற்கு முன் எடுத்த காணொளி அவர் கைப்பேசியில் இருந்தது. பிள்ளை நாயைக் கட்டிப்பிடிக்கும் அழகைப் பதிவு செய்திருக்கிறார். ஒலியை அணைத்துவிட்டு இருவரும் சேர்ந்து பார்த்தோம். பிள்ளை கழுத்தைக் கட்டியதும் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உதட்டை நக்குகிறது. கொட்டாவி விடுகிறது, தூக்கத்தினால் அல்ல. பிறகு கண்ணின் வெள்ளைப் பகுதி பிறைபோலத் தெரிகிறது. கடைசி இரண்டு விநாடி உடம்பு கல்லாக உறைந்துவிடுகிறது. அத்துடன் காணொளி முடிகிறது. அவர் ஐந்து தடவை அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முன்பெல்லாம் அது உறுமும், உறுமினால் அதட்டுவோம், பிறகு உறுமுவதை விட்டுவிட்டது என்றார். உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை மணி. அதை அதட்டி அடக்கினால் அச்சம் அப்படியே இருக்கும். மணி மட்டும் ஒலிக்காது. வாயைச் சோதித்தபோது, ஒரு கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்த பிள்ளை, வலிக்கும் இடத்தையே அழுத்தியிருக்கிறான்.

குழந்தைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் தெருவில் வரும் அந்நிய நாயாக இருப்பதில்லை. வீட்டு நாயாகவோ உறவினர் வீட்டு நாயாகவோ இருக்கும். சிறு பிள்ளையின் முகம் நாயின் முகத்துக்கு நேர் உயரத்தில் இருப்பதால் கடியும் பெரும்பாலும் முகத்தில்தான் விழுகிறது. எந்த இனமானாலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாயையும் பெரியவர் கண்பார்வையின்றித் தனியே விடக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயை யாரும் தொடக்கூடாது. நாய்க்கு ஒதுங்க ஒரு மூலை வேண்டும். நாலறை வீட்டிலும், குழந்தைகள் தாண்டாதபடி வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்தி அதைச் செய்துவிடலாம்.

இன்னொன்று. வீட்டில் யார் நாயைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள், பெற்றோர் பணிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அவரிடம் யாராவது கேட்டார்களா? நாய்க்கு அஞ்சுபவராக இருக்கலாம். சமய நம்பிக்கை காரணமாக நாயின் எச்சிலைத் தொடத் தயங்குபவராக இருக்கலாம். விருப்பமில்லாத கை நடத்திச் செல்லும் நாய் ஒழுங்காகப் பழகாது. முதன்முறை நாய் வளர்ப்பவர்களாக இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் இலவச இணையவழிப் பயிற்சியை, பெற்றோராகிய நீங்களே உட்கார்ந்து முடியுங்கள்.

குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் சற்றுத் தளர்த்தலாம். குட்டி எப்படி வளரும் என்பது ஓர் ஊகம். வளர்ந்த நாயின் குணமோ கண்முன்னே இருக்கிறது. அடோர் திட்டத்தின்கீழ், ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களை உயர வரம்புக்கும் பயிற்சி நிபந்தனைகளுக்கும் உட்பட்டு வீவக வீட்டிலும் தத்தெடுக்கலாம். அவற்றுள் சில கூச்ச சுபாவம் கொண்டவை. சத்தமான வீடு அவற்றுக்குத் துன்பம். வேறு சில, பத்து வயதுப் பிள்ளைகளுடன் பல ஆண்டு பழகியவைபோல நடந்துகொள்ளும். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே ஆலோசனை கேட்டு வருபவர்கள் அரிது. தெம்பனிசிலிருந்து ஒரு தம்பதியர் அப்படி வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும் வயது. வெளிநாட்டுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்தின் ஐந்து வயதுக் கவாலியரைப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவை போங்கள், பிள்ளைகளைத் தரையில் உட்கார வையுங்கள், யாரும் நாயைக் கூப்பிட வேண்டாம் என்றேன். முதல் தடவை அது நாற்காலிக்கு அடியிலேயே இருந்ததாம். இரண்டாம் தடவை பெரியவளின் காலுறையை முகர்ந்துவிட்டுப் போய்விட்டதாம். மூன்றாம் தடவை சின்னவனின் காலருகே வந்து படுத்துக்கொண்டதாம். அவன் அரை மணி நேரம் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லையாம். மறுநாள்தான் உரிமத்தைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார்கள்.